தையல் பிரித்த பிறகு

போன மாசம் சீர்காழி போயிருந்தப்ப எங்க தெரு அக்கா ஒருத்தங்க தன் பையனைக் காட்டி, "தம்பி, நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பாக்குறியே, குழந்தையிலயே இவனுக்கு உதட்டுல ஆபரேஷன் பண்ணி ஏழு வருஷமாச்சு. பேச்சு ஏன் இன்னும் மூக்குலயே வருது?"ன்னு கேட்டாங்க. கிரகணத்தன்னிக்கு வெளிய வந்ததால வந்த வினைன்னு மாமியார் இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்களாம். (கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கருவில் முதல் மூணு மாசத்துக்குள்ள முகத்தின் பாகங்கள் ஒண்ணு சேராம போறதுதான் விஷயம்.) அப்ப பதில் தெரியல. அப்புறம் தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

உதட்டைத் தைப்பது பழைய வித்தை. இன்னிக்கு உலகம் முழுக்கப் பரவலா செய்யற முறை, கொரியப் போர் முடிஞ்ச சமயம் அமெரிக்கப் படையோட அங்க இருந்த ரால்ஃப் மில்லார்ட் உருவாக்கினது. 1955-ல் வெளியுலகுக்குச் சொன்னார். தழும்பு மூக்குக்குக் கீழே இருக்கற இயல்பான கோட்டோட மறைஞ்சிடும்.

அண்ணம் வேற கதை. பிளவு மேலண்ணம் வரைக்கும் போயிருந்தா, வாய்க்கும் மூக்குக்கும் நடுவுல சுவர் கிடையாது. ப, ட, க சொல்ல வாய்க்குள்ள காத்து அழுத்தம் வேணும், அது மூக்கு வழியா ஓடிடும். அதனால குழந்தை பேச ஆரம்பிக்கறதுக்குள்ள, சுமார் ஒன்றரை வயசுக்குள்ள மூடிடறாங்க. (மூணு வயசுலயே பாடின ஞானசம்பந்தர் ஊர்ல இதைச் சொல்லணுமா என்ன!) ஆனா அப்படி மூடின பிள்ளைகள் பலருக்கு வளர்ந்ததும் முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கி இருந்தது. குறை பிறவியிலயா, கத்தியிலயா? தெரியணும்னா ஆபரேஷனே பண்ணாம வளர்ந்தவங்க வேணும். இங்கிலாந்துல அப்படி ஆள் கிடைக்கறது கஷ்டம்.

இலங்கையில் இருந்தாங்க. 1980-களின் நடுவில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் பல்சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸ் குழுவோட காலிக்குப் போனார். சிகிச்சை கிடைக்காமலே பெரியவங்களானவங்க அங்க நிறைய. தாடைகளை அளந்தாங்க. மார்ஸும் ஹூஸ்டனும் 1990-ல் எழுதினது: தொடாம விட்ட மேல்தாடை கிட்டத்தட்ட இயல்பாவே முன்னாடி வளர்ந்திருந்தது. அதாவது, வளர்ச்சியைப் பிடிச்சு இழுத்தது ஆபரேஷன் தழும்பு.

சரி, தள்ளிப்போட்டா? அதே வருஷம் டெபி செல், பமீலா க்ரன்வெல் இரண்டு பேரும் எழுதினாங்க. வளர்ந்த பிறகு அண்ணம் மூடிக்கிட்ட இலங்கைப் பிள்ளைகளுக்குப் பேச்சு பெரிசா திருந்தல. பழகின நாக்கு அப்படியே நின்னுபோச்சு. முகமா பேச்சான்னு கேட்டா, மருத்துவர்கள் பேச்சைத்தான் எடுத்தாங்க. தாடையைப் பின்னாடி பாத்துக்கலாம்னு.

அந்தப் "பின்னாடி"தான் நீளமானது. பேச்சுப் பயிற்சி, 8-லிருந்து 11 வயசுக்குள்ள கோரைப்பல் முளைக்கறதுக்கு முன்னாடி ஈறுல எலும்பு வைக்கறது, வளர்ச்சி நின்னதும் தேவைப்பட்டா தாடை ஆபரேஷன். (எங்க தொழில்லயும் ரிலீஸ் அன்னிக்குத்தான் கேக் வெட்டுவோம், மெயின்டனன்ஸ் யார் தலையிலயோ! :-)) 2013-ல் ஆரம்பிச்ச தேசிய சிறார் நலத் திட்டத்துல 18 வயசு வரைக்கும் பாக்கறாங்க, குழு பள்ளிக்கூடத்துக்கே வருது.

அக்காவுக்குப் போன் பண்ணினேன். ஆபரேஷன் அப்ப மறுபடி வரச்சொல்லி ஒரு சீட்டு குடுத்தாங்களாம், வீடு மாத்தினப்ப காணாம போச்சாம். உதடு கூடிட்டதால இவங்களும் விட்டுட்டாங்க. அண்ணத்தை யாரும் மூடவே இல்லைன்னு அப்பதான் தெரிஞ்சுது.

"இன்னும் ஆபரேஷனா?"ன்னாங்க. பக்கத்துலேருந்து பையன் ஏதோ சொன்னான். எனக்குப் புரியல. அக்காவுக்குப் புரிஞ்சுது. "எப்பன்னு கேக்கறான்"னாங்க.