ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வந்த வரலாறு

புனேயில் வாழும் தமிழராகிய நாம் ஒன்றுகூடுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். பொங்கல் விழாவாயினும், பட்டிமன்றமாயினும், பிள்ளைகளின் தமிழ் வகுப்பாயினும் அந்நாளையே தேர்கிறோம். கதிரவன் கிழக்கே உதிப்பதுபோல ஞாயிறன்று ஓய்வு கிடைப்பதும் இயற்கையின் நியதி என்றே எண்ணிப் பழகிவிட்டோம். உண்மை அதுவன்று. இந்நாட்டின் உழைக்கும் மக்களுக்கு அந்த ஒருநாள் ஓய்வு தானாக வந்ததுமில்லை. முதலாளிகள் மனமுவந்து ஈந்ததுமில்லை. அது கேட்டுப் பெறப்பட்டது. கேட்டோருள் முன்னின்றவர் நாம் வாழும் இப்புனே மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்பது நம்முள் பலர் அறியாத செய்தி.

அவர் பெயர் நாராயண் மேகாஜி லோகண்டே. புனே மாவட்டத்துக் கேட் வட்டத்திலுள்ள கனேர்சர் என்னும் சிற்றூரே அவர் குடும்பத்தின் சொந்த ஊர். 1848ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையில் இரயில்வேயிலும் அஞ்சல் துறையிலும் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர்ப் பம்பாயில் ஒரு பஞ்சாலையில் பண்டகக் காப்பாளரானார். கோப்புகளோடு காலம் கழிக்கும் என் போன்ற எழுத்தர்க்கு இச்செய்தி தனிப்பட்ட பெருமையைத் தருகிறது.

அக்காலத்து ஆலை வாழ்வைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். பம்பாயில் முதற் பஞ்சாலை 1854இல் தொடங்கப்பெற்றது. மின்விளக்கு இல்லாத காலமாதலால், வெளிச்சம் தோன்றியது முதல் மறையும்வரை எந்திரம் ஓடும். கோடையில் பகல் நீள, வேலையும் நீளும். நண்பகல் உணவுக்கென்று முறையான இடைவேளை இல்லை. அரசு அலுவலகங்களில் ஆங்கிலேயர் தம் சமய வழக்கப்படி ஞாயிறன்று கதவடைத்தனர். அவ்வழக்கம் ஆலை வாசலைக் கடந்து உள்ளே செல்லவில்லை. 1881இல் வந்த தொழிற்சாலைச் சட்டமும் ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள சிறுவரின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு ஒன்பது மணியாகக் குறைத்ததேயன்றி, வளர்ந்த ஆண்களையும் பெண்களையும் பற்றி வாய் திறக்கவில்லை.

ஊமையாய்க் கிடந்த அம்மக்களுக்கு நாவளித்த சிந்தனை புனேயிலிருந்து புறப்பட்டது. 1873ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் மகாத்மா ஜோதிராவ் புலே இந்நகரில் சத்திய சோதக சமாசத்தை நிறுவினார். பிறப்பால் தாழ்ந்தவர் எவருமிலர் என்பதே அதன் அடிப்படை. அவ்வியக்கத்தின் குரலாகக் கிருஷ்ணராவ் பாலேகர் 1877இல் புனேயில் தொடங்கிய 'தீனபந்து' என்னும் மராத்தி ஏட்டை, 1880இல் பம்பாயில் லோகண்டே ஏற்று நடத்தினார். வயலில் குனிந்த உழவனும் ஆலையில் வாடிய தொழிலாளியும் ஒரே குடியினர் என்பதை அவர் கண்ணாரக் கண்டவர். பிறப்பின் பெயரால் மறுக்கப்பட்ட மதிப்பும், கூலியின் பெயரால் மறுக்கப்பட்ட ஓய்வும் அவருக்கு இரு வேறு வழக்குகளாகத் தோன்றவில்லை.

1884ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் பம்பாயில் தொழிலாளர் கூட்டங்களைக் கூட்டினார். ஏறத்தாழ 5,500 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று உருவாயிற்று. அதன் கோரிக்கைகள் ஐந்து. ஞாயிறுதோறும் முழுநாள் ஓய்வு வேண்டும். நண்பகலில் அரைமணி நேர இடைவேளை வேண்டும். வேலை காலை ஆறரை மணிக்குத் தொடங்கிக் கதிரவன் மறைவோடு முடிய வேண்டும். சம்பளம் அடுத்த திங்கள் 15ஆம் நாளுக்குள் கைக்கு வரவேண்டும். வேலையில் காயமுற்றோர்க்குக் குணமாகும்வரை ஊதியமும், உறுப்பிழந்தோர்க்கு வாழ வழியும் வேண்டும். இவற்றுள் பேராசை எங்கேயுள்ளது? எனினும் ஆண்டுகள் உருண்டன; பயன் விளையவில்லை.

1890ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ஏறத்தாழப் பதினாயிரம் தொழிலாளர் பம்பாயில் திரண்டனர். அக்கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். ஞாயிறு, மராட்டிய எளிய மக்களின் குலதெய்வமாகிய கண்டோபாவுக்குரிய நாள் என்பதையும் லோகண்டே ஒரு காரணமாக எடுத்துக் காட்டினார் என்பர். நம்மில் பலர் ஏறிக் கண்ட ஜெஜுரி மலையில் மஞ்சள் பொடி தூவி வழிபடப்பெறும் தெய்வமே கண்டோபா. 1890ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு ஓய்வுக்கு இசைந்தது. 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வையும் இடைவேளையையும் சட்டமாக்கியது. பெண்களின் வேலை நேரத்தைப் பதினொரு மணியாக வரையறுத்தது.

இவ்வெற்றிக்கு லோகண்டே ஒருவரே காரணர் எனல் வரலாறாகாது. இந்திய ஆலைகளின் போட்டியைக் கண்டு அஞ்சிய இலங்காசயர் முதலாளிகளும் இச்சட்டங்களை வற்புறுத்தினர். லோகண்டேயின் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியலோ, நிதியோ, எழுதிய விதிகளோ இருந்ததில்லை. ஆயினும் தொழிலாளரே தம் குறையைத் தம் பெயரிட்டுச் சொல்லலாம் என்னும் துணிவை ஊட்டியது அதுவே. 1897 பிப்ரவரியில், பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியபோது, மக்களுக்குத் தொண்டாற்றிய லோகண்டே அந்நோய்க்கே இரையானார். அடுத்த திங்களில் புனேயில் அவ்வாறே மறைந்தார் சாவித்திரிபாய் புலே அம்மையார்.

நம் தாயகத்திலும் இதே தாகம் எழுந்தது. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோர் அதற்குத் துணை நின்றனர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் அன்று கூறிய குறைகளுள் ஒன்று, உண்பதற்கும் போதாத நண்பகல் இடைவேளை! நிலம் வேறு, மொழி வேறு. பசித்த வயிறும் சோர்ந்த உடலும் ஒன்றே.

இவ்வரலாறு முடிந்துபோனதன்று. அதன் எஞ்சிய பகுதி நம் வீட்டு வாயிலில் நிற்கிறது. பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வருபவரை நாம் 'பாயி' என்றழைக்கிறோம். 1980ஆம் ஆண்டு இந்நகரின் வீட்டுப் பணிப்பெண்கள் எவர் தூண்டுதலுமின்றி வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் அவர்கள் கேட்டவை. அப்போராட்டத்திலிருந்து 'புனே நகர மோல்கரீண் சங்கடனா' பிறந்தது. மோல்கரீண் என்பது வீட்டு வேலை செய்யும் பெண்ணைக் குறிக்கும் மராத்திச் சொல். மகாராட்டிர அரசு 2008ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் நல வாரியச் சட்டம் இயற்றியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கை, வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு அவர்க்கு உண்டென்கிறது. ஆயினும் பல வீடுகளில் ஞாயிறன்றுதான் அவர்க்கு வேலை மிகுதி. விருந்தினர் வரும் நாள் அதுவன்றோ!

என் குற்றத்தையும் மறைத்தல் தகாது. மத்திய அரசின் நிர்வாக அலுவலகங்களுக்கு 1985 முதல் வாரத்தில் ஐந்து நாளே வேலை. அதன் பயனை நானும் நுகர்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வரும் அம்மையார் காய்ச்சலால் மூன்று நாள் வரவில்லை. அந்நாள்களுக்குரிய பணத்தைக் கழித்துக்கொள்ள நானும் என் மனைவியும் கணக்கிட்டோம். அவ்வாரம் லோகண்டேயின் ஐந்து கோரிக்கைகளைப் படித்திருந்தேன். ஐந்தாவது கோரிக்கை என் முகத்தெதிரே நின்றது. பணத்தை முழுமையாகக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வரவேண்டாம் என்றும் சொன்னோம். அவர் முதலில் நம்பவில்லை. வேலையினின்று நீக்குகிறோமோ என்று அஞ்சினார். ஓய்வு என்னும் சொல்லே அச்சம் தரும் நிலையில் ஒருவரை வைத்திருந்தோமே என்று நாணினேன்.

ஆதலின் அன்பர்களே, அடுத்த ஞாயிறன்று நாம் சங்கத்தில் கூடுமுன், நம் வீட்டுப் பாத்திரங்களை நாமே துலக்கிவிட்டு வருவோம். லோகண்டேக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் அதனினும் சிறந்தது வேறில்லை.