தஞ்சம் மறுக்கப்பட்டால் நீதிமன்றம் போகலாமா?

யூட்லன்ட் குடாநாட்டின் மேல்நீதிமன்றம் விபோர்க்கில் இருக்கிறது. அதனால் தஞ்சக் கோரிக்கை மறுக்கப்பட்டவர்கள், "கடைசியில் அங்கே வழக்குப் போடலாம்" என்று நம்பியிருப்பதுண்டு. அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு.

குடிவரவுச் சேவை மறுத்ததும் கோப்பு தானாகவே அகதிகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகும். 1983ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தால் உருவான சபை அது. தலைவர் ஒரு நீதிபதி. சட்டத்தரணிக்கு அரசே பணம் கொடுக்கும். கோரிக்கை வெளிப்படையாகவே ஆதாரமற்றது என்று குடிவரவுச் சேவை கருதி, டெனிஷ் அகதிகள் கழகமும் அதை ஏற்றால் மட்டும் சபைக்குப் போக முடியாது. சபையின் முடிவே இறுதி என்கிறது சட்டம்.

ஆனால் அதிகாரிகளின் அதிகார எல்லையை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று அரசியலமைப்பின் 63ஆம் பிரிவு சொல்கிறதே? 1997இல் உச்சநீதிமன்றம் இதற்கு விடை தந்தது: சபை சட்டத்தைப் பிழையாக விளங்கியதா, நடைமுறையில் தவறியதா போன்ற சட்டக் கேள்விகளை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். எங்கள் கதை உண்மையா பொய்யா என்பதை மறுபடி எடைபோடாது. வழக்குத் தொடுத்ததாலேயே கட்டளைக்குப் பணியாமல் இருக்க முடியாது என்றும் அதே 63ஆம் பிரிவு சொல்கிறது.

குடும்ப இணைவு வேறு விடயம். அதற்குரிய மேன்முறையீட்டுச் சபையும் மறுத்தால், விபோர்க்வாசி தன் ஊர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். இந்த உரிமையின் பெறுமதி எங்கள் சமூகத்துக்குத் தெரியும். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக முடக்கினார். அதுவே "தமிழர் வழக்கு". அதனால் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் விசேட நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு ஒத்திவைத்த நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

தஞ்ச வழக்கில் சபைக்குப் பிறகும் ஒரு வாசல் உண்டு: ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம். இறுதி முடிவிலிருந்து நான்கு மாதங்களுக்குள் முறையிட வேண்டும். 2008இல் பிரித்தானியாவுக்கு எதிரான ஒரு வழக்கில், ஈழத்தமிழர் ஒருவரைத் திருப்பியனுப்புவது சித்திரவதைத் தடையை மீறும் என அது தீர்ப்பளித்தது.

ஆகவே முதல் நேர்முகத்திலிருந்தே கவனம் வேண்டும். கைதான திகதி, தடுத்துவைத்த இடம், காயத் தழும்புகள், மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லுவோம். மொழிபெயர்ப்பாளர் வாசித்துக்காட்டும் பதிவில் பிழை இருந்தால், கையொப்பமிட முன்பே திருத்துவோம். சபையில் சொல்லாமல் விட்டதை விபோர்க் நீதிமன்றத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்.