செப்புத் தகட்டில் செதுக்கிய நற்பண்புகள்

பண்புகளைப் பெண்ணுருவில் காட்டுவது ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கலையில் பெருவழக்கு. அவ்வுருவம் ஏந்திய பொருள்களே பண்பின் பெயரை உணர்த்தும். செப்புத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி, மையிட்டுத் தாளில் ஒற்றியெடுக்கும் அச்சுமுறை, இத்தகைய சித்திரங்களைச் சாதாரண இல்லங்களுக்கும் கொண்டு சேர்த்தது. 1559, 1560ஆம் ஆண்டுகளில் பீட்டர் புரூகல் வரைந்த ஏழு நற்பண்புகள் அவற்றுள் புகழ் பெற்றவை. அவற்றை ஆன்ட்வெர்ப் நகரில் ஹிரோனிமஸ் கோக் வெளியிட்டார். தகட்டில் செதுக்கியவர் ஃபிலிப்ஸ் காலே என்பர்.

விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்றும் பவுலின் நிருபத்திலிருந்து பெறப்பட்டவை. விவேகம், நீதி, திடம், தன்னடக்கம் ஆகிய நான்கும் கிரேக்க மரபின. பிளேட்டோ வகுத்த இந்நான்கையே, 1030இல் மறைந்த மிஸ்கவைஹியும் அவருக்குப் பின் இமாம் கஸ்ஸாலியும் ஹிக்மத், அத்ல், ஷஜாஅத், இஃப்பத் என அறபு அக்லாக் நூல்களில் விரித்துரைத்தனர். எனவே இச்சித்திரங்கள் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல.

நம்பிக்கை, கொந்தளிக்கும் கடலில் நங்கூரத்தின் மீது நிற்கிறாள். தன்னடக்கத்தின் வாயில் கடிவாளம், தலைமீது கடிகாரம். அன்பின் கையில் இதயம். அவளைச் சூழ்ந்து, பசித்தோர்க்கு உணவும் ஆடையற்றோர்க்கு ஆடையும் வழங்கப்படுகின்றன. சிறைப்பட்டோரைச் சிலர் கண்டு ஆறுதல் கூறுகின்றனர்.

நீதியின் சித்திரமே நம்மைத் திகைக்க வைக்கிறது. கண்கள் கட்டப்பட்டு, வாளும் தராசும் ஏந்தி அவள் நிற்கிறாள். அவளைச் சுற்றிலும் சித்திரவதை, கசையடி, சிரச்சேதம், தொலைவில் தூக்குமரங்கள். அன்று நெதர்லாந்து ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியில் இருந்தது. சமயக் கொள்கையில் மாறுபட்டோர்க்கு மரண தண்டனை விதிக்கும் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. புரூகல் தண்டனையைப் போற்றினாரா, பழித்தாரா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. தண்டனை பிறரைத் திருத்தும் என்ற கருத்தையே படத்தின் அடியிலுள்ள இலத்தீன் வாசகம் கூறுகிறது. காட்சியோ கொடுமையை மறைக்கவில்லை.

ஏழையும் சேர்த்து நோக்கும்போது ஒன்று தெளிவாகிறது. அன்பின் சித்திரத்தில் ஆறுதல் பெறும் கைதியே, நீதியின் சித்திரத்தில் வதைக்கப்படுகிறான். கண்கட்டு, ஆள்பார்த்துத் தீர்ப்பளிக்காத நடுநிலையின் அடையாளம். எனினும், தன் பெயரால் நிகழ்வதை அந்த நீதி காணவில்லை என்பதையும் அதுவே நினைவூட்டுகிறது. அன்பைப் பிரிந்த நீதி நற்பண்பாக நிலைக்குமா என்ற வினாவை அச்சித்திரம் இன்றும் நம்முன் வைக்கிறது.