குதிர் முதல் கோடவுன் வரை: எலிக்கு எழுதிய கணக்கு

காஸ்ட் அக்கவுண்டிங்கில் "நார்மல் லாஸ்" என்று ஒரு சமாச்சாரம் உண்டு. எவ்வளவு கவனமாக இருந்தாலும் சரக்கில் கொஞ்சம் சிந்தும், காயும், வீணாகும். அதைத் தவிர்க்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, மிஞ்சிய நல்ல சரக்கின் தலையில் அந்தச் செலவை ஏற்றிவிடுவோம். தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் என்றால் அது "அப்நார்மல் லாஸ்". அது தனியாக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எலி தின்ற நெல் இதில் எந்தக் கணக்கு?

சிரிக்காதீர்கள். நம் முன்னோர்கள் இதை "தவிர்க்கக்கூடிய நஷ்டம்" என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் அவர்கள் கட்டிய குதிர்.

நம் பக்கத்துச் சாட்சியையே எடுத்துக்கொள்வோம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் அந்தப் பழைய தொண்டை நாட்டுக்குள் வருகிற ஊர்கள்தான். அதில் உழவர் வீட்டு நெற்கூடுகள் வருகின்றன. ஏணிக்கும் எட்டாத உயரம். மேலே தலைப்பக்கத்தைத் திறந்து நெல்லைக் கொட்டுவார்கள். படித்தபோது இது வெறும் பெருமைப் பேச்சு என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் உள்ளே பெரிய விஷயம் இருக்கிறது.

எலி எப்படி வேலை செய்கிறது? அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும், அதனால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பல் பதிய ஒரு விளிம்போ மூலையோ வேண்டும். சுவர் ஓரமாகவே ஓடும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும், உள்ளே நுழைந்துவிடும். இப்போது குதிரைப் பாருங்கள். உருண்டை வடிவம், மூலையே கிடையாது. மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளை மண்ணும் சாணமும் வைத்து மெழுகியிருப்பார்கள். அடியில் கல்லோ கட்டையோ கொடுத்துத் தூக்கியிருப்பார்கள். போடுகிற வாய் மேலே, எடுக்கிற துளை கீழே, இரண்டுக்கும் மூடி. எலியைக் கொல்ல இதில் எதுவும் இல்லை. எலிக்கு வழி இல்லை, அவ்வளவுதான்!

பூச்சிக்கும் தனி ஏற்பாடு உண்டு. நெல்லாகவே வைப்பார்கள், அரிசியாக அல்ல. உமி ஒரு கவசம். ஒரு நெல்லைப் பல்லில் கடித்து "டக்" என்று உடைகிறதா என்று பார்த்த பிறகே குதிருக்குள் போகும். இன்று ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று மீட்டர் வைத்துச் சொல்வதும் இதைத்தான். வேப்பிலை, நொச்சி இலை, விதைக்குச் சாம்பல், துவரைக்குச் செம்மண் கட்டுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைவைத்தியம்.

இது வீட்டளவில் மட்டும் நடந்த வேலை இல்லை. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில் தஞ்சை நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. ரகுநாத நாயக்கர் (1600-1634) காலத்தது. செங்கல் கட்டடம், வட்ட வடிவம், மேலே கூம்பு. சுமார் 3000 கலம் நெல் பிடிக்கும் என்பார்கள். வீட்டுக் குதிரையே பெரிதாக்கிக் கட்டியதுபோல இருக்கும்.

சரி, இவ்வளவு தெரிந்தும் எலி எப்படி ஜெயித்தது? என் பதில்: சாக்கு மூட்டை.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறந்தது. அம்பத்தூர், ஆவடி வழியாக இன்றும் ஓடுகிற அதே தடம்தான். தூர தேசத்துக்குத் தானியம் போக வேண்டும் என்றால் குதிரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மூட்டைதான் வசதி. எண்ணலாம், எடை போடலாம், கைமாற்றலாம். வியாபாரத்துக்கு அது வரம். ஆனால் எலிக்கும் அது வரம்தான். பல் பதிகிற சாக்கு, நுழைய இடுக்கு, குடும்பம் நடத்த மூட்டை அடுக்கு! 1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் மலைபோலத் திறந்த வெளியில் குவிந்து கிடந்தன. உள்நாட்டில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். 1896-ல் பம்பாயில் பிளேக் தலைகாட்டியது, துறைமுகத்தை ஒட்டித் தானியக் கிடங்குகள் நிறைந்த மாண்டவியில். எலி தானியத்தை மட்டும் தின்னவில்லை, ஆளையும் தின்றது.

1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் தலைமையகம் நம் சென்னை, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். ஆவடியிலும் அதன் கிடங்கு இருக்கிறது. நாட்டுக்கே சோறு போட மூட்டை அடுக்கு தேவைப்பட்டது, தப்பு சொல்ல முடியாது. அடியில் கட்டை போட்டு, சுவரிலிருந்து தள்ளி அடுக்கி, உறை போர்த்தி, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு வரும், பூச்சி எலி எல்லாம் சாகும். பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. வழியை அடைக்க முடியாத இடத்தில் விஷம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த விஷம் கிடங்கோடு நிற்கவில்லை. 2024 நவம்பரில், பூந்தமல்லிக்குப் பக்கத்திலுள்ள குன்றத்தூரில், வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? நிச்சயமாக "நார்மல்" இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பெரிய இடத்தில் குதிர் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. 2007 வாக்கில் பஞ்சாபின் மோகாவிலும் ஹரியானாவின் கைத்தலிலும் கோதுமைக்குப் பெரிய இரும்பு சைலோக்கள் வந்தன. மூட்டையே இல்லாமல் ரயில் பெட்டியில் கொட்டி சென்னை, கோவை வரை கொண்டுவர ஏற்பாடு. உருண்டை வடிவம், மேலே வாய், கீழே துளை. எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை?

நம் வீட்டுக்கு சைலோ வேண்டாம். இறுக்கமான மூடி போட்ட தகர டின் போதும், தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வையுங்கள். நன்றாகக் காய்ந்த தானியத்தைப் போடுங்கள். கதவுக்கு அடியில் உள்ள இடுக்கை அடையுங்கள். மருந்தைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். பெரும்பாலும் யோசிக்க வேண்டிய தேவையே வராது.

எலியைக் கொல்வது செலவுக் கணக்கு. எலியை உள்ளே விடாதது முதலீடு. குதிரைக் கட்டினவர்கள் காமர்ஸ் படிக்கவில்லை, ஆனால் இந்த வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.