எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாத காசு

"டாக்டர், குழந்தை காசை முழுங்கிருச்சு!"

இப்படிப் பதறி ஓடிவரும் அம்மாவைப் பார்க்காத அவசர சிகிச்சைப் பிரிவே கிடையாது. நாங்க முதல்ல எடுக்கச் சொல்றது ஒரு எக்ஸ்ரே. கழுத்திலிருந்து வயிறு வரை. படத்துல காசு பளிச்சுன்னு வெள்ளை வட்டமா தெரியும். உணவுக்குழாய்ல நிக்குதா, வயித்துக்குப் போயிருச்சா என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாத ஒரு காசை அரசாங்கமே அச்சடித்து, வீட்டுக்கு வீடு புழங்க விட்டால்?

அமெரிக்காவில் 1974-ல் அது நடக்க இருந்தது. நடக்காமல் போனதால், அந்தக் காசு இன்று நாணய சேகரிப்பாளர்களின் கனவு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல, மாதிரி நாணயம்னா என்ன? புது உலோகத்திலோ புது வடிவத்திலோ காசு கொண்டுவரும் முன், நாணயச்சாலை சிலவற்றை அடித்துப் பார்க்கும். ஒப்புதல் கிடைத்தால் அது புழக்கத்துக்கு வரும். கிடைக்கவில்லை என்றால் உருக்கிவிடுவார்கள். உருக்கியதில் தப்பிய ஒன்றிரண்டுக்குத்தான் கிராக்கி.

இங்கிலாந்தின் எட்டாம் எட்வர்ட் மன்னரை எடுத்துக்கோங்க. 1936 டிசம்பரில் முடி துறந்தார். அவர் முகத்தோடு 1937-க்குத் தயாரான காசுகள் புழக்கத்துக்கு வரவே இல்லை. அதில் ஒரு தங்க சவரன் 2020-ல் பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. தங்கத்துக்காக யாரும் அவ்வளவு கொடுக்கல. நடந்திருக்க வேண்டிய, ஆனா நடக்காத ஒரு வரலாறு கையில இருக்கே, அதுக்குத்தான் அந்த விலை.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம்.

அப்போது ஒரு சென்ட் காசில் 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். 1973-ல் செம்பு விலை ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஏறினால், காசின் மதிப்பைவிட அதிலுள்ள செம்பின் மதிப்பு அதிகமாகிவிடும். அப்புறம் ஜனங்க காசைச் செலவு பண்ண மாட்டாங்க, பதுக்கி வைப்பாங்க, உருக்கி விற்பாங்க. அதனால் அலுமினியத்துக்கு மாறலாம் என்று நாணயச்சாலை முடிவெடுத்தது. விலை குறைவு, எடை ஒரு கிராம்கூட இல்லை.

உலோகத்தை மாற்ற நாடாளுமன்ற அனுமதி வேண்டும். அது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில், 1974 என்ற ஆண்டு பொறித்து 15 லட்சத்துக்கும் மேற்பட்ட அலுமினிய சென்ட்களை அடித்துவிட்டார்கள். நாடாளுமன்றக் குழு உறுப்பினர்கள் சிலருக்கு, "பாருங்க, இதுதான் புதுக் காசு" என்று மாதிரியும் கொடுத்தார்கள்.

எதிர்ப்பு மூன்று பக்கமிருந்து வந்தது. செம்புச் சுரங்க முதலாளிகளுக்கு வியாபாரம் போகும் கவலை. காசு போட்டால் பொருள் தரும் இயந்திரக்காரர்களுக்கு, இந்த லேசான காசு இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளும் என்ற கவலை. மூன்றாவதாக வந்தவர்கள் குழந்தை மருத்துவர்களும் எக்ஸ்ரே நிபுணர்களும்.

அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. ஒரு உலோகம் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுக்கும் என்பது அதன் அணு எண்ணையும் அடர்த்தியையும் பொறுத்தது. செம்பின் அணு எண் 29, அலுமினியத்துக்கு 13. எலும்பிலுள்ள கால்சியத்துக்கே 20! செம்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குகூட அலுமினியத்துக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. உணவுக்குழாயில் மாட்டும் காசு பெரும்பாலும் தட்டையாக, முகம் முன்னால் பார்த்தபடி நிற்கும். முன்பக்கமிருந்து எடுக்கும் படத்தில் கதிர் கடப்பது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் உலோகத்தைத்தான். பின்னால் முதுகெலும்பு வேறு. தெரியவே தெரியாது என்று இல்லை. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு, அழும் குழந்தையின் படத்தில் அதைத் தவறவிட வாய்ப்பு அதிகம். காசு உள்ளேயே தங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும், ஓட்டையும் விழலாம்.

டாக்டர்கள் சொன்னதால மட்டும்தான் திட்டம் நின்னுச்சுன்னு சொன்னா அது மிகை. மூன்று எதிர்ப்பும் சேர்ந்தது, 1974-லேயே செம்பு விலையும் இறங்கியது. திட்டம் கைவிடப்பட்டது. அடித்த காசுகளை உருக்கினார்கள். ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. உறுப்பினர்களிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டபோது ஒரு டஜன் அளவுக்குத் திரும்பி வரவில்லை. எஃப்.பி.ஐ. விசாரித்தும் பயனில்லை!

கதை அதோட முடியல. 2013-ல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஒருவர், இறந்துபோன அப்பாவின் பழைய காசுப் பையைக் கடைக்குக் கொண்டுபோனார். அப்பா டென்வர் நாணயச்சாலையில் துணைக் கண்காணிப்பாளராக இருந்தவர். பையில் டென்வரின் 'டி' முத்திரையோடு ஓர் அலுமினிய சென்ட்! அப்படி ஒன்று இருப்பதே வெளியில் தெரியாது. குறைந்தது இரண்டரை லட்சம் டாலர் என்று மதிப்பிட்டு 2014-ல் ஏலத்துக்குத் தயாரானார்கள்.

அரசு குறுக்கே வந்தது. "நாங்கள் வெளியிடாத காசு எங்கள் சொத்து, கொடுங்கள்" என்றது. வழக்கு நடந்து, 2016-ல் காசு நாணயச்சாலைக்கே திரும்பியது. சேகரிப்பாளர்களின் ஆசைக்கு இந்தத் தடையும் ஒரு காரணம். காசு கையில் இருந்தாலும் வெளியில் காட்ட முடியாது!

1982-ல் அமெரிக்கா வேறு வழி கண்டுபிடித்தது: உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. இது எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும். ஆனால் வயிற்று அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். காசின் ஓரம் அரித்துப்போய், இரைப்பையில் புண் வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. காசுக்கு உலோகம் தேர்ந்தெடுப்பது வெறும் கணக்கு வழக்கு இல்லீங்க.

இதுல நமக்கு என்ன? நம்ம பழைய சதுர அஞ்சு பைசா, பூ மாதிரி வளைந்த பத்து பைசா நினைவிருக்கா? அவையும் அலுமினியம்தான். பல வீட்டு உண்டியலில், பீரோவில் இன்னும் கிடக்கும். எடுத்து உயரத்தில் வையுங்க. ஒருவேளை குழந்தை முழுங்கிட்டா, "அலுமினியக் காசு" என்று டாக்டரிடம் மறக்காம சொல்லுங்க. படத்தில் எதுவும் தெரியலன்னு அனுப்பிவிடாமல் இன்னொரு முறை தேட அது உதவும். விரலை விட்டு எடுக்காதீங்க, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீங்க. முழுங்கினது பட்டன் பேட்டரியா இருக்கலாம்னு சந்தேகம் வந்தா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம கிளம்புங்க.