வெபியின் ஆசான்கள்

நடு அந்தமானில் மாயாபந்தருக்கு அருகே உள்ள வெபி, கரேன் மக்கள் அந்தமானில் அமைத்த முதல் ஊர். 1925-இல் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த சில குடும்பங்கள் காடு திருத்தி இதை உருவாக்கின. அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தியப் பெருநிலத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த இளம் தன்னார்வலர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் காட்டையும் கடலையும் கற்றுக்கொடுப்பவர்களாயினர். பள்ளிக்கூடமோ பாடநூலோ இல்லாத இந்தக் கல்விக்கு ஒரு வரலாறு உண்டு.

கரேன் மக்கள் வந்த காலத்தில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்; 1937-இல்தான் அது தனியாகப் பிரிந்தது. தண்டனைக் குடியேற்றமாக இருந்த அந்தமானைத் தாமாக முன்வரும் குடிகள் வாழும் இடமாக மாற்ற, 1920-களில் அரசு முயன்றது. படாக் போன்ற விலையுயர்ந்த மரங்களை வெட்டி இறக்க வனத்துறைக்கு ஆட்களும் தேவைப்பட்டனர். அப்போதைய தலைமை ஆணையர் பெரார், இன்செயின் நகரில் கரேன் இறையியல் பள்ளியை நடத்திவந்த அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர் மார்ஷலின் உதவியை நாடினார். லூஜீ என்ற கரேன் போதகருடன் முதல் குழு வந்து இறங்கியது. வனத்துறையில் கூலி வேலை, காடு திருத்திய இடத்தில் நெல் பயிரிட நிலம் என்பவையே அவர்களுக்குக் கிடைத்தவை. அந்தமானுக்குக் கைதிகளாக வந்தவர்கள் பலர். கரேன் மக்களோ விரும்பி வந்தவர்கள்.

இம்மக்களின் பேச்சு ஸ்கா கரேன் மொழி. பர்மிய எழுத்தை ஒட்டிய எழுத்து அதற்கு உண்டு. ஆண்களின் பெயருக்கு முன் ‘சா’ என்றும் பெண்களின் பெயருக்கு முன் ‘நா’ என்றும் சேர்ப்பது வழக்கம். கற்பிப்பவருக்கும் போதகருக்கும் ‘தரா’ என்ற ஒரே பட்டம்தான். ஊரில் அதற்குத் தனி மரியாதை. ஆயினும் வாழ்க்கைக்குத் தேவையான தொழில்களைத் தராவிடம் யாரும் படிக்கவில்லை. படகு கட்டுதல், மீன்பிடித்தல், சங்கு சிப்பிக்காக மூச்சடக்கி மூழ்குதல், காட்டுப்பன்றி வேட்டை, மூங்கில் வீடு எழுப்புதல் ஆகியவற்றைச் சிறுவர்கள் தகப்பனுக்கும் மாமனுக்கும் பின்னால் நடந்தே பழகினர். பார்த்துச் செய்வதுதான் பாடம். கேள்வி கேட்பது பிறகு.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பும் 1948-இல் கிடைத்த பர்மிய விடுதலையும் இவர்களைப் பூர்விக ஊர்களிலிருந்து பெரும்பாலும் பிரித்துவிட்டன. பின்னர் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. நிக்கோபார் பழங்குடியினருக்குத் தரப்பட்ட விலக்கு, பழங்குடிப் பட்டியலில் இடம்பெறாத கரேன் மக்களுக்குக் கிடைக்கவில்லை. நாலா எனப்படும் உப்பங்கழிகளில் எதில் உப்புநீர் முதலை கிடக்கும், எந்தக் கரையில் எந்த மாதத்தில் ஆமை ஏறும் என்ற அறிவு அப்படியே இருந்தது. அதைக் கொண்டு பிழைக்கும் வழி மட்டும் அடைபட்டது.

அந்த அறிவுக்குப் புதிய தேவை சென்னையிலிருந்து வந்தது. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் 1970-களில் தீவுகளின் முதலைகளைக் கணக்கெடுத்தார். அவரும் சாய் விட்டேக்கரும் 1976-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணையைத் தொடங்கினர். கடலாமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் 1978 முதல் தீவுக் கரைகளை நடந்தே அளந்தார். 1983-இல் தெற்கு அந்தமானின் வண்டூரில் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. தீவுகளின் காடுகள் அழிவதைப் பற்றி விட்டேக்கர் எழுதிய நூல் 1985-இல் வெளிவந்தது. 1980-களின் இறுதியில் முதலைப் பண்ணையின் ஒரு பிரிவாக அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழு உருவாகி, வடக்கு வண்டூரில் தன் களநிலையத்தை அமைத்துக்கொண்டது. படகோட்டவும் வழிகாட்டவும் கூடாரம் அடிக்கவும் வெபியிலிருந்தும் அக்கம்பக்கத்துக் கரேன் ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தனர்.

களநிலையத்துக்கு வந்த இளைஞர்களில் பலர் பல்கலைக்கழகப் படிப்புடன் வந்தவர்கள். உயிரினங்களின் லத்தீன் பெயர்கள் தெரிந்த அவர்களுக்கு, அலையாத்திச் சேற்றில் வேரின் மேல் காலூன்றி நடக்கத் தெரியாது. டுங்கி எனப்படும் நீண்ட மரப்படகில் எங்கே உட்கார்ந்தால் எடை சரியாகும் என்பதும் தெரியாது. இவற்றைக் கற்பிக்கக் கரேன் உதவியாளர்கள் சொற்பொழிவு ஆற்றவில்லை. தம் பிள்ளைகளைப் பழக்கியது போலவே இவர்களையும் பழக்கினர். முதலில் தண்ணீர் சுமப்பது, விறகு பொறுக்குவது, மீன் கழுவுவது, பிறகு துடுப்பு, அதன் பிறகே வழி கண்டுபிடிப்பது. வேற்று மொழிக்காரர்களிடம் பேச அந்தமான் முழுவதும் புழங்கும் எளிய இந்தியே கைகொடுத்தது. வங்காளிகள், தமிழர், தெலுங்கர், ராஞ்சி மக்கள், கரேன் மக்கள் எல்லோரும் சந்தையில் பேசும் பொதுமொழி அது.

இந்தப் பயிற்சியில் முதலாவது ஒழுக்கம், கடலில் படகோட்டியின் சொல்லுக்குக் கட்டுப்படுவது. படகுக்கு வாடகை கொடுப்பவர் ஆய்வாளராக இருக்கலாம். ஆனால் காற்று திரும்பும் வேளையில் கரைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் ஓட்டிதான். தமிழகக் கரையில் படகின் தலைவரான தண்டேலின் சொல்லுக்கு உள்ள இடம் இது. பட்டமும் வயதும் நாடும் படகுக்கு வெளியே நின்றுவிடும்.

இரண்டாவது, அடக்கம். காட்டில் உரக்கப் பேசாமல் இருப்பது, தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமல் இருப்பது, முடிந்த வேலையைப் பெரிதுபடுத்தாமல் இருப்பது ஆகியவை சொல்லாமலே எதிர்பார்க்கப்படும். மூத்தவர்களை வெறும் பெயர் சொல்லி அழைக்கும் மேலைநாட்டு வழக்கம் இங்கே செல்லாது. ஆகவே வந்தவர்களும் தீவு வழக்கப்படி அவர்களை ‘அங்கிள்’ என்றே அழைத்தனர். வீட்டுக்குள் போகும் முன் செருப்பைக் கழற்றுவதும், சோற்றோடு பரிமாறும் நாப்பி என்னும் புளித்த மீன் விழுதை முகம் சுளிக்காமல் உண்பதும் விருந்தினரின் கடமைகள். ஞாயிறு தேவாலயத்துக்கு உரிய நாள் என்பதால், களப்பணித் திட்டமும் அதற்கு இடம்விட வேண்டும்.

மூன்றாவது, எடுக்காமல் வருவது. பவளத் துண்டு, சங்கு, சிப்பி எதையும் கரையிலிருந்து நினைவுப்பொருளாகக் கொண்டுபோகச் சட்டம் இடம்தராது. இதில் கரேன் உதவியாளர்களின் சொல்லுக்குக் கனம் அதிகம். ஒரு காலத்தில் அதே சங்குகளுக்காக மூழ்கியவர்களும் அதே பன்றிகளை வேட்டையாடியவர்களும் அவர்கள்தான். இதே மாற்றம் உழவாரன் குருவிகளின் குகைகளிலும் நிகழ்ந்தது. சீன உணவுச் சந்தைக்காக அவற்றின் உண்ணக்கூடிய கூடுகள் திருடப்பட்டுவந்தன. பறவையியலாளர் ரவி சங்கரன், கூடு எடுத்தவர்களையே காவலர்களாக்கும் திட்டத்தை வனத்துறையுடன் சேர்ந்து நடைமுறைப்படுத்தினார். வேட்டைக்காரனின் அறிவைத் தூக்கி எறியாமல் காவலுக்குத் திருப்பும் இந்த வழி தீவுகளில் பலன் தந்தது.

அரசின் விதிகளும் இந்தக் கல்வியின் ஒரு பகுதி. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஜாரவா, சென்டினல், ஓங்கே முதலியோரின் நிலங்களில் வெளியார் நுழைவதைத் தடுக்கிறது. 1963-ஆம் ஆண்டின் ஆணைப்படி 2018 வரை வெளிநாட்டவர் தீவுகளுக்கு வரத் தனி அனுமதி தேவைப்பட்டது. வழக்கமாக அது 30 நாட்களுக்கு மட்டுமே கிடைத்தது. ஆகவே வெளிநாட்டு இளைஞருக்கு எங்கே போகலாம் என்பதைவிட எங்கே போகக்கூடாது என்பதையே முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த எல்லையை மீறுவதன் விளைவை 2018 நவம்பர் காட்டியது. கிறிஸ்தவ மதத்தைப் பரப்பும் நோக்கத்தோடு வந்த ஓர் அமெரிக்க இளைஞர், பணம் கொடுத்து மீனவர்களின் படகில் வடக்கு சென்டினல் தீவுக்குப் போய் உயிரிழந்தார். அந்தத் தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் நெருங்குவதே குற்றம். அழைத்துச் சென்ற மீனவர்கள் கைதாயினர். தீவில் வழிகாட்டுபவர் ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, களப்பணியின் போக்கையே மாற்றியது. பெரிய நிக்கோபாரின் தென்முனை சில மீட்டர் தாழ்ந்தது. தோணியாமைகள் முட்டையிட்ட கலாத்தியா கடற்கரை அழிந்தது. அங்கே ஆமைக் கணக்கெடுப்பில் இருந்த ஓர் இளம் ஆய்வாளரும் உயிரிழந்தார். 2008 முதல் சிறிய அந்தமானில் அந்த வேலை மீண்டும் தொடங்கியது. வண்டூர்க் குழுவும் பெங்களூரின் தக்ஷிண் அறக்கட்டளையும் இந்திய அறிவியல் கழகமும் அதில் சேர்ந்தன. முட்டையிடும் பருவத்தில் மாதக்கணக்கில் கரையோரக் கூடாரத்தில் தங்கி, இரவு முழுதும் மணலில் நடந்து ஆமைகளைத் தேடும் பணி அது. அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஆமைகளில் சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கமும் சில ஆப்பிரிக்கக் கரைப் பக்கமும் நீந்திச் சென்றன.

கற்பித்தல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவியைக் கையாளுவதையும், பவளப்பாறைகளைக் கணக்கெடுப்பதையும், காற்றுக்கலனோடு முக்குளிப்பதையும் கரேன் இளைஞர்கள் வந்தவர்களிடமிருந்து கற்றனர். ஆயினும் ஆய்வுக் கட்டுரைகளில் அவர்களின் பெயர் பெரும்பாலும் நன்றியுரையின் ஒரு வரியில்தான் வந்தது. மரியாதையை முதல் பாடமாகக் கற்றவர்கள், ஊர் திரும்பி எழுதும்போது அதை அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டனர்.

இன்று கரேன் இளைஞர்கள் அரசு வேலையிலும் போர்ட் பிளேர் நகரிலும் ஹேவ்லாக் தீவின் முக்குளிப்புப் பள்ளிகளிலும் பரவியிருக்கிறார்கள். காட்டில் தகப்பனுக்குப் பின்னால் நடப்பவர்கள் குறைந்துவிட்டனர். ஹேவ்லாக்கில் முக்குளிப்புப் பயிற்சி தரும் கரேன் இளைஞரோடு வெளிநாட்டு மாணவர் நீருக்குள் இறங்கும்போது, வெபியின் பழைய முறையே அங்கும் தொடர்கிறது. தண்ணீருக்கடியில் பேச முடியாது. முன்னால் போகிறவரைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.