மரத்திற்கு விலை உண்டு, மண்ணுக்கு?



சுற்றுச்சூழல் பற்றிய பாடம் ஒன்றில், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் படத்தை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டினேன். கட்டடத்தின் நடுவே ஒரு சிறு காடு. பிள்ளைகள் வியந்தனர். ஒரு மாணவி மட்டும், "ஐயா, முன்பு அந்த இடத்தில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டாள். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. பிறகு தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

1965ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையத்தைச் சுற்றிக் காலப்போக்கில் குடியிருப்புகள் பெருகின. விரிவாக்கத்திற்கு இடமில்லாமல் போயிற்று. எனவே சிப்பாங்கில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நிலம் தெரிவு செய்யப்பட்டது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா, காட்டுக்குள் விமான நிலையமும் விமான நிலையத்துக்குள் காடும் அமைய வேண்டும் என்னும் கருத்தில் அதனை வடிவமைத்தார். 1998 ஜூன் 27இல் அது அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. துணை முனையத்தின் நடுவில் மழைக்காட்டு மரங்கள் நடப்பட்டன. ஓடுபாதைகளுக்கு அப்பால் செம்பனை பயிரிடப்படுகிறது. 2014இல் சூரிய ஒளி மின்திட்டமும் அங்கே தொடங்கப்பட்டது. இவையாவும் பாராட்டத்தக்கவையே.

ஆனால் விமான நிலையத்திற்குச் சாலையும் வேண்டுமல்லவா? அச்சாலைக்காக டெங்கில் அருகே உள்ள புக்கிட் தம்போய் கிராமத்தில் சுமார் 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தெமுவான் பூர்வகுடியினர் 1996இல் வெளியேற்றப்பட்டனர். வீடுகளுக்கும் பழமரங்களுக்கும் பயிர்களுக்கும் இழப்பீடு கணக்கிடப்பட்டது. நிலத்திற்கு ஒரு காசும் இல்லை. நிலம் அரசுக்கே உரியது என்பது அன்றைய வாதம்.

சாகோங் பின் தாசியும் மேலும் அறுவரும் வழக்குத் தொடுத்தனர். 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், மரபுவழியாக அவர்கள் வாழ்ந்துவந்த மண்ணின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இறுதியாக 2010இல் 65 இலட்சம் ரிங்கிட் இழப்பீட்டுடன் வழக்கு முடிவுக்கு வந்தது. வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து பதினான்கு ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை இடைநிலைப்பள்ளி மாணவனாகியிருக்கும்.

தோட்டத் துண்டாடலைக் கண்ட நம் சமூகத்திற்கு இவ்வேதனை புதிதன்று. வாழ்ந்த லயத்தையும் வணங்கிய கோயிலையும் விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

மரம் நடுவதும் மின்சாரத்தைச் சேமிப்பதும் சுற்றுச்சூழல் பேணல் என்று நாம் கற்பிக்கிறோம். அது சரியே. எனினும், ஒரு நிலத்தின் சூழலில் அங்கு வாழும் மனிதரும் அடங்குவர் என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. மரத்தைக் கணக்கில் எடுத்து, அதை நட்டவரின் மண்ணைக் கணக்கில் எடுக்காத நிருவாகம் முழுமையானதாகாது.

மறுவாரம் அம்மாணவிக்கு விடை கூறினேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அவர்கள் நட்ட பழமரங்கள் என்னவாயின, ஐயா?" என்றாள்.

அடுத்த முறை உறவினரை வழியனுப்ப அவ்வழியே செல்லும்போது, புக்கிட் தம்போயின் கதையைப் பிள்ளைகளுக்குக் கூறுங்கள்.